நினைவு அட்டையில் என் இரண்டு விரல்கள்

இன்று காலை எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஆபீஸ் கேப் ஏறும்போது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள். நீ தினமும் உரிக்கும் அதே இடம், அதே வாசனை. போன வாரம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். இன்று இரண்டு சுளை கேட்டு வாங்கித் தின்றேன்.

மகிழ்ச்சியைப் பற்றி ஆபீசில் ஒரு வகுப்பு வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? வேலையைக் கெடுக்க வந்துவிட்டார்கள் என்று நான் முனகினேன். நீ முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாய். சந்தோஷமோ துக்கமோ, எவ்வளவு காலம் நீடிக்கும் என்ற நம் ஊகம் பெரும்பாலும் தப்பாகிவிடும், மனசு நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் எழுந்துவிடும் என்றார் வகுப்பெடுத்த அம்மாள். நெருங்கியவர் ஒருவர் போய்விட்டால் எவ்வளவு நாள் சிரிக்காமல் இருப்பீர்கள் என்று எழுதச் சொன்னார். 'ஒரு வருஷம்' என்று எழுதினேன். நீ எட்டிப் பார்த்தாய்.

"சும்மா கதை விடாதடி. ஒரே மாசத்துல சூப்பரா, சக்கத்தா சிரிப்பே, பாரு."

வாயை எப்படியும் சிரிக்க வைத்துவிடலாம், உண்மையாகச் சிரித்தால்தான் கண்ணோரம் சுருங்கும் என்றும் அவர் சொன்னார். கடைசியில் எல்லோரையும் நிற்க வைத்து ஃபோட்டோ எடுத்தபோது ஆளாளுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். நான் உன் தலைக்குப் பின்னால் இரண்டு விரலை நீட்டிக் கொம்பு வைத்தேன். உனக்குத் தெரிந்துபோய், சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாய்.

அப்புறம் இரண்டே நாள் காய்ச்சலில் போய்விட்டாய்.

மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசையில் உன் நினைவு அட்டையைக் கையில் கொடுத்தார்கள். அந்த ஃபோட்டோவிலிருந்து உன்னை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். 'இளைப்பாற்றி அருளும் ஆண்டவரே' என்ற வரிக்குக் கீழே நீ. உன் தலைக்கு மேலே என் இரண்டு விரல். கோயில் முழுக்க அமைதியாக இருந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உன் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

நான்கு மாதம் மர்பி டவுனில் உங்கள் தெருப் பக்கமே போகவில்லை. உன்னை நான் நேசித்ததே பொய்யோ என்று என்னையே கேட்டுக் கேட்டுக் குமைந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் உன் வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டேன்.

"என்னம்மா, ஆளையே காணோம்? பூசையில பாதியில எழுந்து போயிட்டே."

"மன்னிச்சிருங்கண்ணா. அந்த ஃபோட்டோல என் விரலைப் பார்த்ததும் சிரிச்சுட்டேன்."

"தெரியாமலா போட்டோம்? ஸ்டூடியோக்காரன் விரலை அழிச்சிடட்டுமான்னு கேட்டான். நான்தான் வேணாம்னேன். மத்ததெல்லாம் போஸு. இதுலதான் அவ கண்ணு சிரிக்குது." அண்ணன் கூடையைக் கை மாற்றிக்கொண்டார். "யாராச்சும் பார்த்துச் சிரிக்க மாட்டாங்களான்னு இருந்தேன்மா. நீ ஒருத்திதான் சிரிச்சே."

அந்த வரிசையிலேயே நின்று அழுதேன். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது.

நீ ஜெயித்துவிட்டாய், ஒத்துக்கொள்கிறேன். மனசு எழுந்துவிட்டதால் உன்னை மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. அதைத்தான் எனக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் உன் பேரை எடுத்தால் முதலில் சிரிப்பு வருகிறது. அழுகையும் வருகிறது, கொஞ்சம் பின்னால். வரட்டும்டி, இரண்டுக்கும் என்னிடம் இடம் இருக்கிறது.