தீர்ப்புச் சீட்டில் எழும்பி நின்றது யார்?

என் செல்ல அக்கா ஸ்டெல்லா,

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. வட்டவளையில் உன் கல்லறைக்கு மேல்புறச் சரிவில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியிருக்கிறார்கள். இப்போது அங்கே நின்றால் ரயில் போவது தெரிகிறது. கல்லறைத் திருநாளுக்கு நானும் உன் மகள் நிரோஷாவும் வந்திருந்தோம். மழை விட்டபாடில்லை, குடைக்குள் வைத்துத்தான் மெழுகுதிரி ஏற்றினோம். எவ்வளவு நேரம் எரிந்தது என்று கேட்காதே.

முதலில் நல்ல செய்தி. நிரோஷாவுக்குத் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. கொழும்பில் மூன்று வருடம். நாளை விட்டு அடுத்த திங்கட்கிழமை போய்ப் பதிய வேண்டும். ஆனால் அவள் போகமாட்டேன் என்கிறாள். காரணம் ஒரு சீட்டு.

நீ இறந்ததும் அவளை ஹட்டனுக்கு, என் வாடகை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். அது உனக்குத் தெரியுமோ என்னவோ. போன வாரம் சாமிப்படத் தட்டில், திருஇருதயப் படத்துக்கும் உன் போட்டோவுக்கும் நடுவில் புதிதாக ஒரு படம் இருந்தது. வானத்தில் சிறகு விரித்த சம்மனசு எக்காளம் ஊதுகிறது, அதில் சிலுவைக் கொடி. கீழே சவப்பெட்டிகளைத் திறந்துகொண்டு ஆட்கள் எழும்புகிறார்கள். உலகம் முடிகிற பொதுத்தீர்வை நாள் என்று நினைத்து, இரண்டு நாள் அதற்கும் சேர்த்துச் சிலுவை அடையாளம் போட்டேன். மூன்றாம் நாள் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால், எழும்பி வருகிற ஒருவர் மேலும் ஒட்டுத்துணி இல்லை. எந்தக் கோயிலில் இப்படிப் படம் கொடுப்பார்கள்?

"யார் குடுத்தது இது?" என்று கேட்டேன்.

"சாமிப்படம் இல்ல சித்தி. குறி பாக்குற டாரட் சீட்டு. 'தீர்ப்பு'ன்னு பேரு. போன்ல எடுத்துப் பிரிண்ட் போட்டேன்" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பஜாரில் சேலைக்கடைக்கு மேல் மாடியில் கொழும்பிலிருந்து ஒரு பெண் சனிக்கிழமைகளில் வந்து சீட்டு பார்க்கிறாளாம். பயிற்சிக்குப் போகலாமா என்று இவள் கேட்டிருக்கிறாள். இந்தச் சீட்டு விழுந்திருக்கிறது. அவள் பலன் சொல்லாமல், படத்தில் என்ன தெரிகிறது என்று இவளிடமே கேட்டிருக்கிறாள்.

"அம்மாவும் அப்பாவும் எழும்பி நிக்கிறாங்க. நடுவுல நிக்கிற பிள்ள நான்தான். என்னையப் பாத்துக் கைய நீட்டுறாங்கன்னு சொன்னேன். 'அப்ப அம்மா இன்னும் உங்கள விடல'ன்னு சீட்டு பாக்குறவங்க சொன்னாங்க. அவங்கள அங்க போட்டுட்டு நான் எப்படி சித்தி போறது?"

தகப்பனையும் தாயையும் மண்ணுக்குக் கொடுத்த பிள்ளைக்கு அந்தப் படத்தில் வேறு என்ன தெரியும்?

என் புத்தி உனக்குத் தெரியும். எறும்பு போனால்கூட எங்கே போகிறாய் என்று கேட்பவள் என்று சிரிப்பாயே. எனக்கு அந்தப் பெண்மேல் சந்தேகம் பொங்கிக்கொண்டு வந்தது. உன் முப்பத்தோராம் நாள் பேனர் பஸ் நிலையத்தில் வெகுநாள் தொங்கியது. உன் படம், வயது, மகள் பெயர், எல்லாம் அதில் உண்டு. அதைப் பார்த்து வைத்திருந்தாளா? கீழே சேலைக்கடையில் நிற்கும் பிள்ளைகள் போட்டுக் கொடுத்தார்களா? பயந்த பிள்ளை வாராவாரம் வரும் என்ற கணக்கா? பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதுகூட இதே யோசனை.

நேற்றுச் சனிக்கிழமை மத்தியானம் நானே மாடி ஏறினேன். ஐந்தாறு கேள்வியில் அவளை மடக்கிவிடலாம் என்றுதான் போனேன். பெரிய பொட்டும் மோதிரங்களுமாக இருப்பாள் என்று நினைத்தால், வங்கியில் வேலை பார்க்கிறவள் மாதிரி இருந்தாள். பிரிண்டை மேசையில் போட்டு, "இத வச்சு ஒரு பிள்ளையோட வாழ்க்கையக் கெடுப்பீங்களா?" என்றேன்.

"போகாதீங்கன்னு நான் சொல்லவே இல்ல டீச்சர். அம்மா அந்தப் பிள்ளைய விடலன்னுதான் சொன்னேன். ஒரு அழைப்பு வந்திருக்கு, அதுக்கு எழும்பணும். இந்தச் சீட்டுக்கு அதுதான் அர்த்தம். யாரு கூப்பிடுறாங்க, எதுக்குக் கூப்பிடுறாங்கன்னு சீட்டு சொல்லாது."

நான் டீச்சர் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? நான் அதைக் கேட்பதற்குள் அவள் படத்தை என் பக்கம் திருப்பினாள்.

"உங்களுக்கு இதுல என்ன தெரியுது?"

இந்த வித்தை எனக்குத் தெரியாதா? ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "அந்தப் பொம்பள என்னமோ சொல்ல வாறா. யாரும் காது குடுக்கல."

"காது குடுக்க வேண்டியது யாரு?" என்றாள்.

பிரிண்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அக்கா, ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "பயிற்சிக்குக் கடிதம் வந்தா அவள அனுப்பிரு. என் குழிய காவல் காக்க வேணாம்னு சொல்லு." நிரோஷா அப்போது கீழே தேத்தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். கேட்டது நான் ஒருத்திதான்.

நான் அவளிடம் சொல்லவில்லை. முதலில், அழுகிற பிள்ளையிடம் இதையா சொல்வது என்று விட்டேன். பிறகு, கடிதம் வரட்டும் என்றேன். கடிதம் வந்தது. அதற்குள் எனக்கு அவள் பழகிவிட்டாள். பள்ளிவிட்டு வந்தால் கதவைத் திறக்க ஓர் ஆள், ஈரக்குடையை வாங்கி வைக்க ஓர் ஆள். இத்தனை வருடம் தனியாக இருந்தவள் நான். மாடிக்காரியைச் சந்தேகப்பட்ட இத்தனை நாளும் என்னை நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் போகமாட்டேன் என்று சொன்னபோது எனக்குள் எழுந்தது கோபம் மட்டும்தானா? இல்லை அக்கா. முதலில் வந்தது நிம்மதி.

மாடிக்காரியை இப்போதும் நான் நம்பவில்லை. வருகிற எல்லோரிடமும் அவள் இதையேதான் கேட்பாள். ஆனால் அவளாவது பிள்ளை சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். நான் கேட்டதை விழுங்கிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை ஊர் படிக்கும்படி பத்திரிகைக்கு எழுதுவது, பின்வாங்க எனக்கு வழி இருக்கக்கூடாது என்பதற்காக. பூசை முடிந்து வந்து நிரோஷா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள். கை துடைத்துக்கொண்டு உள்ளே வந்ததும் உட்காரச் சொல்லி, நீ சொன்னதை உன் வார்த்தையிலேயே சொல்கிறேன். பதினொரு மாதம் மறைத்து வைத்திருந்ததையும், ஏன் மறைத்தேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அவள் என் முகத்தில் முழிக்காமல் போனாலும் சரி. பெட்டியை நானே கட்டிக் கொடுப்பேன். சத்தியம், அக்கா.

நீ நம்பிச் சொல்லிவிட்டுப் போன உன் தங்கச்சி,
திரேசா