தண்ணீர் பட்டன்

அக்கா,

காலையில் போன் அடித்தது. உங்கள் பக்கத்து வீட்டுப் பெண், நீங்கள் இறந்த அன்று என் நம்பரை வாங்கிக்கொண்டவர். “மேடம், தண்ணி பட்டன் தொறக்கவே மாட்டேங்குது! டேங்கர் வந்துட்டுப் போயிருச்சு, ஒருத்தருக்கும் தெரியல. அக்கா செஞ்சு குடுத்தது மேடம்!”

ஒரு மணி நேரம் முன்புதான் என் இணையதள வகுப்பின் பழைய மாணவர் வேலைகளையெல்லாம் சர்வரிலிருந்து அழித்திருந்தேன். உங்களுடையதையும்தான். புது பேட்ச் வருமுன் எப்போதும் செய்வது. பரீட்சைக்குச் செய்ததை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பு.

துவாரகா குடியிருப்புகளில் நாலு வீட்டுச் சமையலை முடித்துவிட்டு, விரலில் மஞ்சள் கறையோடு வகுப்புக்கு வருவீர்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய மிஸ் என்பீர்கள். உங்கள் பஸ்தியில், அந்தக் குடிசைப் பகுதியில், தண்ணீர் டேங்கரைப் பார்த்தவர் பட்டனைத் தொட்டால், வேலைக்குப் போன அத்தனை பேர் போனிலும் அது பச்சையாக வேண்டும். அதுதான் உங்கள் இணையதளம். பாதித் திரையை அடைத்துக்கொண்டிருந்த பட்டனைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன்.

“பாக்க நல்லால்ல அக்கா. சின்னதாக்குங்க, கீழ விளக்கம் எழுதுங்க.”

“எங்க பஸ்தியில யாரு மிஸ் படிக்கிறா? ஈரக் கையில தொடணுமில்ல?”

“மார்க் போயிடும்” என்றேன். மறுநாளே சின்னதாக்கிக் கொண்டுவந்தீர்கள். தாராளமாக மார்க் போட்டேன். அவ்வளவு திமிர் எனக்கு.

அழித்தவை சில நாள் சர்வரில் தங்கும். தேடினேன், கிடைத்தது. உள்ளே இரண்டு கோப்புறைகள். ஒன்றுக்கு ‘மிஸ்ஸுக்கு’ என்று பெயர் வைத்திருந்தீர்கள். சின்ன பட்டன், அழகான விளக்கம். மற்றதன் பெயர் ‘நமக்கு’. திறந்தால் பாதித் திரைக்கு அதே பட்டன். நீங்கள் போய் எட்டு மாதமாகியும் உங்கள் பஸ்தி தினமும் தொட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். நான் மார்க் போட்டதை ஒருவரும் திறந்ததில்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. இத்தனை வருடமாகச் சொல்லித்தருகிறேன், யார் தொடப்போகிறார்கள் என்று ஒரு மாணவரிடமும் நான் கேட்டதில்லை.

‘நமக்கு’ பழைய இடத்துக்குப் போய்விட்டது. சாயங்கால டேங்கருக்கு, “பச்சை ஆயிருச்சு மேடம்!” என்று போன் வந்தது. அழுதுவிட்டேன்.

‘மிஸ்ஸுக்கு’ என் கணினியில் இருக்கிறது. இனி யாருக்கு மார்க் போடுவதானாலும் முதலில் அதைத் திறந்து பார்ப்பேன்.