யாரெமாவின் லாரி

அன்புத் தங்கைக்கு,

நேற்று யாரெமா தன் பழைய ராணுவ லாரியை எங்கள் பட்டறைக்கே ஓட்டிவந்தான். அதன் முன்னறையில் டீசல் ஹீட்டரை நானே மாட்டி, புகைக்குழாயை அடிவழியாக வெளியே விட்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் உறைந்திருந்த பனி உருகி வழிந்தது. பெற்ற பிள்ளைக்கு இதையாவது செய்தோமே என்றிருந்தது.

அவன் கையை நீட்டிக் குளிர்காய்ந்தபடி சிரித்தான். "நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா போர்முனையில இதைப் போட முடியாது. சூடா எது நின்னாலும் மேல பறக்கிற ட்ரோனுக்குத் தெரிஞ்சிடும்."

"அப்ப கழட்டிடவாடா?"

"இருக்கட்டும். மாட்டியாச்சான்னு அம்மா கேட்பாங்கல்ல?"

என் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

இங்கே பொல்தாவாவில் இன்றும் பனி கொட்டுகிறது. உன் வீட்டில் இருக்கும் அண்ணிக்கு இதைப் படித்துக் காட்டாதே. கேட்டால், மாட்டியாச்சு என்று மட்டும் சொல்.

உன் அண்ணன்