மணி ஏறினால் விழுகிற கியர்

ஜூலை 5, சனி

காலையிலேயே சுட்டெரிக்கும் வெயில். கிள்ளான். நாலு மாதம் கழித்துக் கார் கைக்கு வந்தது. பச்சை நிற டூ-சீட்டர், கிட்டத்தட்ட என் வயது. கியர் பாக்ஸை முழுக்கப் பிரித்துக் கட்டியாயிற்று, கிளட்சும் புதுசு என்றார் கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் மணி. இருபத்திரண்டு வருடமாக அவரைத் தவிர வேறு மெக்கானிக் யாரும் இந்தக் காரைத் தொட்டதில்லை.

ஓட்டிக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சத்தமே இல்லை. என் மனைவி கமலா, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வெட்டி, ஓரம் தைத்து வாங்கிய மெரூன் கார்பெட்டைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். உட்கார்ந்து அவளே விரித்தாள். "காருக்குப் புதுத்துணி." மணிக்கு ஒரே சிரிப்பு.

வீட்டுக்குக் கிளம்பினால் முதல் டிராஃபிக் லைட்டிலேயே ஒன்றாம் கியர் விழவில்லை. பின்னால் லோரிக்காரன் ஹார்ன். பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்வதற்குள் இடது தோள் கழன்றுவிட்டது. கார்பார்க்கில் ரிவர்ஸ் போட்டேன். கறகறவென்று அரைத்த சத்தத்துக்குக் காவலாளி எழுந்தே வந்துவிட்டார்.

நாலு மாதம்!

ஜூலை 8, செவ்வாய்

கிளினிக்கில் ஒன்பது பேர். இரண்டு பல் பிடுங்கல், ஒரு ரூட் கெனால். இடையில் மணிக்குப் போன்.

"புது சாமான் டாக்டர், கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். ஓட ஓட சரியாயிரும் லா."

ஓட வேண்டுமென்றால் முதலில் கியர் விழ வேண்டுமே ஐயா என்று நினைத்துக்கொண்டே போனை வைத்துவிட்டேன்.

வாங்க வேண்டியவை: கையுறை, பஞ்சு, கமலாவின் பிரஷர் மாத்திரை, தோளுக்குத் தைலம்.

ஜூலை 12, சனி

கிள்ளான். மணி கியர் எண்ணெயை மாற்றினார். பிறகு ஓட்டிப் பார்க்க ஏறினார். ஏறுவதற்கு முன் வழக்கம்போலச் செலிப்பரைக் கழற்றி, கார்பெட்டைச் சுருட்டி, பட்டறை நாற்காலியில் பேப்பர் போட்டு அதன் மேல் வைத்து... "அக்கா ஆசையா வாங்குனது. என் காலு பூரா எண்ணெய்." இந்தப் பவ்யத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

நான் பக்கத்து சீட்டில். பாசார் வரை போய் வந்தோம். இரண்டு விரலால் கியர் போடுகிறார். "பாருங்க டாக்டர்." பார்த்தேன். பற்றிக்கொண்டு வந்தது. இறங்கியதும் கார்பெட்டை உதறி, பழையபடி விரித்துக் கொடுத்தார். நான் கிளம்பினேன். ஷா ஆலம் தாண்டுவதற்குள் பழைய கதை.

என்னைப் பார்த்தால் மட்டும் இந்தக் காருக்கு என்ன வந்துவிடுகிறது?

ஜூலை 13, ஞாயிறு

மூட்டம். மழை இல்லை. இன்டர்நெட்டில் மூன்று மணி நேரம் வீண். ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். செய்து பார்த்தது:

இன்ஜின் அணைத்தபின் - எல்லாக் கியரும் விழுகிறது.
இன்ஜின் ஓடும்போது - மல்லுக்கட்டு. ரிவர்ஸ், கேட்கவே வேண்டாம்.
ஆகவே - கிளட்ச் முழுசாக விடவில்லை.

மணிக்குச் சொன்னேன். "கிளட்ச்ச நேத்துகூட பாத்தேனே டாக்டர். மிதிச்சா சுத்தமா விடுது." அப்படியானால் பொய் சொல்வது நான்.

கமலா: "வீட்ல எந்நேரமும் இதே பேச்சு. வேற எடத்துல காட்டுங்களேன்."

வேறு இடம். மணியிடம் அதை எப்படிச் சொல்வது? இந்தக் கார் போனால் இன்னொரு கார். அவரை விட்டுவிட்டு எங்கே போவது.

ஜூலை 16, புதன்

அரை நாள் கிளினிக் மூடிவிட்டு மறுபடி கிள்ளான். அவர் ஓட்டினார், கியர் வெண்ணெய் மாதிரி. நான் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன், வாசலிலேயே கறகற. கோப்பி குடித்துக்கொண்டிருந்த இரண்டு கஸ்டமர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தார்களோ என்னவோ.

கத்திவிட்டேன். "உன் கை நடுங்குது மணி. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். முடியலன்னா விட்டுடு. ஏன் அடுத்தவன் வண்டியக் கெடுக்குற?"

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நீ, உன்.

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வச்சிட்டுப் போங்க டாக்டர். எறக்கிப் பாக்குறேன்."

கொம்யூட்டர் ரயிலில் வீடு. உட்கார இடமில்லை. நடுங்குவது உண்மைதான், தேத்தண்ணி கிளாஸைப் பிடிக்கும்போது லேசாக. ஸ்பானரைப் பிடித்தால் நடுங்காது. அதுவும் எனக்குத் தெரியும். நான் பல் டாக்டர். எனக்குக் கை நடுங்குகிறது என்று யாராவது நாலு பேர் முன்னால் சொன்னால், மறுநாள் எவன் என்னிடம் வாயைத் திறப்பான்? தெரிந்தே சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

மணி கூப்பிட்டார். போனேன். கியர் பாக்ஸை இறக்கி, மொத்தமும் பிரித்துப் பார்த்து, திரும்பக் கட்டி ஏற்றியிருக்கிறார். நாலு நாள் வேலை.

"உள்ள எல்லாம் சரியாத்தான் இருக்கு டாக்டர். நான் போட்டா விழுது, நீங்க போட்டா விழல. எனக்குத் தெரியல. என் கையாத்தான் இருக்கும்."

எப்போதும் கோப்பி சொல்லுவார். இன்று சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வழியில் மறுபடி கியர் விழாமல் போனால் என்ற நினைப்பு. மூடிக்கொண்டேன். வழியில் விழவும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று மாலை பேய்மழை. காரின் துணிக்கூரை ஒழுகி, கார்பெட் சொதசொத. கமலா பால்கனியில் காயப்போட்டாள். காலையில் அது இல்லாமலேயே கிளினிக்குக் கிளம்பினேன்.

ஒன்று விழுந்தது. இரண்டு. மூன்று. கிளினிக் வாசலில் ரிவர்ஸ், சத்தமே இல்லாமல்.

மத்தியானம் வீட்டுக்கு ஓடி, ஈரக் கார்பெட்டை எடுத்து வந்து விரித்தேன். கிளட்ச் பெடல் தரையைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்பே அதில் முட்டி நிற்கிறது. எடுத்தேன், அடி வரை போகிறது, கிளட்ச் முழுசாக விடுகிறது. விரித்தேன். எடுத்தேன். ஐந்து முறை.

இவ்வளவுதான். மணி ஒவ்வொரு முறையும் கார்பெட்டை எடுத்துவிட்டு ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் எனக்கு மரியாதையாக விரித்துக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மடையன் நான்.

கமலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் வாங்குனதாலயா?" அவள் என்ன செய்வாள். என் வாய்.

ஜூலை 23, புதன்

கிளினிக்குக்கு விடுமுறை விட்டேன். பத்து மணிக்குக் கிள்ளான். ஒவ்வொரு கியரும் லகுவாக விழ விழ, அவமானமாக இருந்தது.

விரித்துக் காட்டினேன், எடுத்துக் காட்டினேன். "என் தப்பு மணி. உங்க கையில ஒண்ணுமே இல்ல. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

குனிந்து, பெடலை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். திரும்பத் திரும்ப. சிரிப்பார் என்று நினைத்தேன்.

"சுங்கை பூலோ ஆளு ஒருத்தர் திங்கக்கெழம கியர் பாக்ஸ் கொண்டாந்தாரு. கட்டித் தரச் சொல்லி. கை சரியில்ல, முடியாதுன்னு அனுப்பிட்டேன் டாக்டர்."

நம்பரைக் கேட்டு வாங்கி நானே கூப்பிட்டேன், ஸ்பீக்கரில். கார்பெட் கதை முழுவதும் சொன்னேன். "அவரு வேலையில ஒரு கொறையும் இல்ல பாஸ். நான்தான் தெரியாம தப்பா சொல்லிட்டேன்."

"நீங்க யாரு?"

"அவரு கஸ்டமர். பல் டாக்டர்."

"நீங்க சொல்றது சரி டாக்டர். ஆனா கை நடுங்குதுன்னு அவரே என்கிட்ட சொன்னாரே. அப்புறம் எப்படி லா நான் குடுக்குறது?"

மணி போனை அணைக்கக் கையை நீட்டினார். கை நடுங்கியது. அதை அவரும் பார்த்தார்.