புல் மறைக்காத கால்

என் பேருக்காரா,

வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியதும், நீதான் வந்துவிட்டாய் என்று திரும்பிப் பார்த்தேன். புதிதாகப் பூசிய படச் சட்டங்கள்தான் இருந்தன.

காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில், சண்முகம் என்ற பெயருள்ள ஓவியர்களின் படங்களை மட்டும் மாட்டியிருக்கிறார்கள். குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டு பெற்றவர்கள் வைத்த பெயர். நம் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் நாலு சண்முகங்களுக்கு மண்டை உடையும். அதில் ஏழு பேர் தூரிகை பிடித்தோம். நான் சக்கரவர்த்தி, மற்றவர்கள் சிற்றரசர்கள். நீ ஒருவன்தான் கடைசிவரை கப்பம் கட்டவே இல்லை.

சக்கரவர்த்திக்குக் கால் வரைய வராது என்பது உனக்குத் தெரியும். முழங்காலுக்குக் கீழே புல் வளர்த்துவிடுவேன். அந்தப் புல்லைச் சிவகங்கைச் சீமை மாடுகள் ஏழு தலைமுறைக்கு மேயலாம். "ஏப்பா, ஒஞ் சனம் பூராவும் காட்டுக்குள்ளயே நிக்கிறாகளே, வீடு வாசல் கெடையாதா?" என்பாய். இனிஷியல் போடச் சொன்னால், "படத்துக்கு எதுக்குடா ரேஷன் கார்டு?" என்று கேட்டுவிட்டு, வெறும் பெயரை எழுதுவாய். நானும் அப்படியே எழுதினேன்.

கூரை ஒழுகி உன் படங்களெல்லாம் போனபின் மிஞ்சியது ஒன்றே ஒன்று. சிங்கம்புணரிச் சந்தையில், வெடித்த குதிகாலோடு குந்தியிருக்கும் வெங்காயக்காரி. அதையும் இங்கே மாட்டி, வரைந்தவன் என்று கீழே என் புகைப்படத்தை ஒட்டியிருந்தார்கள்!

கண்காட்சி நடத்துகிறவள் என் தங்கை மகள். கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, இம்புட்டு நாளா இந்தக் கால எங்குட்டு ஒளிச்சு வச்சிருந்தீக?"

அந்த இரண்டு கால்களுக்காக என் ராஜ்ஜியத்தையே கொடுப்பேனடா. வாயை மூடிக்கொண்டால் அவை எனக்கு. நீ என்று ஒருவன் வரைந்தான் என்பதே இல்லாமல் போகும்.

"இது என்னுது இல்லத்தா. இன்னொரு சண்முகம். இப்ப இல்ல."

"எப்புடி அம்புட்டு உறுதியாச் சொல்றீக?"

"நான் வரஞ்சிருந்தா இங்க புல்லுல்ல இருக்கும்."

அவள் சிரித்துக்கொண்டே என் புகைப்படத்தைப் பிய்த்தெடுத்தாள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் வீடே இடியச் சிரித்திருப்பாய்.

அன்றே உன்னை வரைய உட்கார்ந்தேன். முகம் வந்துவிட்டது. நகம் பிளந்த உன் வலது கட்டைவிரல்தான் நாலு நாளாகப் படுத்துகிறது. நான் வரைந்த பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது, சிரித்துத் தொலை.

பச்சை டியூபை இன்னும் திறக்கவில்லை.