பூஞ்சை பிடித்த மக்காச்சோளம்

குண்டடம்,
14.11.2006

அன்புள்ள இளங்கோ கண்ணுக்கு, அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் உனக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டுமென்று தினமும் மாகாளியம்மனிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், கோழிகள்தான் நன்றாக இல்லை. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஐப்பசி மழைக்குப் பயந்து உன் அப்பா வேலம்பாளையத்தில் மாமாவின் பனியன் கம்பெனியிலிருந்து பெரிய பாலித்தீன் ஷீட்டுகளை வாங்கி வந்து மக்காச்சோள மூட்டைகளை இறுக்க மூடிவைத்தார். மழை நனைக்கவில்லை, உள்ளேயே வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிட்டது. வாடை அடிக்கிறதே என்றேன், வெயிலில் போட்டால் போய்விடும் என்று காயவைத்து அதையே அரைத்துக் கோழிகளுக்குப் போட்டார். முட்டை குறைந்தது, கொண்டை வெளுத்தது, ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. உடனே பல்லடம் போய் வைட்டமின் மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்தார். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கும், மறுபடி விழும், இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, கோழி ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில் கோழி டாக்டர் ரத்தினசாமியை நானே கூப்பிட்டேன். செத்த கோழியை அறுத்துக் காட்டினார், ஈரல் மஞ்சளாய், தொட்டால் உதிர்கிறது. வைட்டமின் கொறஞ்ச கோழியப் பூஞ்சை விஷம் சீக்கிரம் சாச்சுப்போடுமுங்க, அதனால மருந்து குடுத்தது தப்பில்லீங்க, ஆனா ஒரு பக்கம் விஷத்தப் போட்டுட்டு இன்னொரு பக்கம் சத்து ஊத்துனா ஈரல் எத்தன நாளைக்குத் தாங்குமுங்க, மொதல்ல இந்தத் தீவனத்த நிறுத்துங்க என்றார். மறுநாள் அத்தனை மூட்டையையும் அப்பாவே குழி வெட்டிப் புதைத்தார். மிச்சமுள்ள கோழிகள் இப்போதுதான் தலை நிமிர்கின்றன, எத்தனை தேறும் என்று இன்னும் சொல்ல முடியாது.

நீ தங்கியிருக்கும் அறைச் சுவரெல்லாம் ஈரம் ஊறிக் கறுப்பாய்ப் பூஞ்சை படர்ந்திருக்கிறது, இருமல் விடவில்லை, ஆனால் வைட்டமின் மாத்திரை போடுகிறேன் பயப்படாதே என்று போன வாரம் சொன்னாயே, அதிலிருந்து அந்த ஈரல்தான் என் கண்ணில் நிற்கிறது. மாத்திரை போட வேண்டாமென்று சொல்லவில்லை. முதலில் அந்த அறையை விட்டு வெளியே வா, டாக்டரிடம் நெஞ்சைக் காட்டு. இதுவரை எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நான் பண்ணுனதையேதான் அவனும் பண்ணீட்டிருக்கறான்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

நீ நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் கண்ணு. புது விலாசத்தை அனுப்பு. இந்த விலாசத்துக்கு இனி நான் கடிதம் போட மாட்டேன்.

உன் அம்மா,
சாரதாமணி