செட்டில் என்றால் எந்த ஊரில்?

காஜா பேராங், மலாக்கா.
1957 செப்டம்பர் 7, சனிக்கிழமை, மாலை மணி ஐந்தே கால்.
ஒரு சொல், பதினோரு பொருள்.

அன்புள்ள கலியாணசுந்தரத்துக்கு,

கருணாகரன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவும் சுகம். உன் கடிதத்துக்குத்தான் சுகமில்லை.

நீ கட்டிக்கொள்ள ஆசைப்படும் பீனோவின் அப்பாவுக்கு நீ இங்கிலீஷில் எழுதியதை ஸ்பானிஷில் மாற்றித் தரச் சொன்னாய். உன் கப்பலிலேயே ஸ்பானிஷ் பேசும் சமையல்காரன் இருக்கிறான். அவன் காதில் விழுந்தால் பீனோவின் ஊரான லாஸ் பால்மாஸ் துறைமுகம் முழுக்கப் பரப்பிவிடுவான் என்று பயந்து, பாதி உலகம் தாண்டி என்னிடம் அனுப்பியிருக்கிறாய். நான் சிற்றலை வானொலி நிலையங்களுக்கு ஸ்பானிஷில் நாலு வரி எழுதிப் போடுகிறவன். கல்யாணக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் அகராதியோடு உட்கார்ந்தேன். "உங்கள் மகளை மணக்க விரும்புகிறேன்" வரை ஒழுங்காகப் போனது. அடுத்த வரியில் மாட்டிக்கொண்டேன்: "அடுத்த வருஷம் செட்டில் ஆகிவிடுவேன்."

அகராதியில் இந்தச் 'செட்டில்' ஒன்றுக்கே பதினோரு பொருள். கடனைத் தீர்த்தால் அதற்கு 'லிகிதார்' என்று போட்டிருக்கிறான். சண்டை தீர்ந்தால் 'ரெசொல்வெர்'. பறவை கிளையில் உட்கார்ந்தால் 'பொசார்சே'. ஓர் ஊரில் குடியமர்ந்தால் 'எஸ்தாப்லெசெர்சே'. தண்ணீர் இலாகாவில் எனக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான். கலங்கல் தண்ணீரைத் தொட்டியில் அசையாமல் விட்டால் சேறு அடியில் படியும். உன் மண்டையையும் அப்படி ஒரு வாரம் விட்டுப் பார்க்கலாம்.

சரி, குடியமர்வதைத்தான் சொல்கிறாய் என்று வைத்துக்கொண்டேன். எந்த ஊரில்? லாஸ் பால்மாஸிலா, மலாக்காவிலா? நாலு பக்கத்தையும் புரட்டினேன், ஊர்ப் பெயரே இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறாய். போன சனிக்கிழமை நாடே தேதி குறித்துச் சுதந்திரம், மெர்டேக்கா, வாங்கிவிட்டது, உனக்கு ஓர் ஊரைக் குறிக்க முடியவில்லை! (அன்றைக்குப் பாடாங் திடலில் கூடிய ஜனத்துக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டது நான். ஒரு சொட்டு ஒழுகவில்லை.)

நேற்று உன் அம்மாவிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டினால் திட்டு. பக்கத்து வீட்டு அத்தை, நம் மீனாச்சி மக்சிக், அங்கே இருந்தார். தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்கா செட்டி வீட்டுக்காரர், தமிழ் வராது, அதனால் அவருக்கு மலாயிலும் சொன்னேன். 'ஆப்பா சூசா', இதில் என்ன கஷ்டம் என்று சிரித்தார். அவருடைய பாட்டன்மார் கப்பலில் வந்து இங்கே பெண் கட்டினார்களாம். நீ கப்பலில் போய் அங்கே கட்டினால் கணக்கு நேராகிவிடுமாம். உன் அம்மாவும் சேர்ந்து சிரித்தார். அந்தப் பொண்ணு சம்பல் காரம் தாங்குமா என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

மக்சிக் போன பிறகு உன் அம்மா முறுக்கு மாவு பிசைந்தார். அப்புறம், எந்த ஊரா இருந்தாலும் இருக்கட்டும் தம்பி, ஊரைச் சொல்லிடச் சொல்லு, போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேக்குறப்பல்லாம் நான் வாசலுக்கு ஓடுறேன், அந்தப் பொண்ணைப் பெத்தவரையும் இப்படி ஓட விட வேணாம்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

இனி நான் செய்யப்போவது:

1. உன் பதில் வரும்வரை ஸ்பானிஷ் கடிதம் என் மேசையைவிட்டு நகராது. ஊர்ப் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.

2. லாஸ் பால்மாஸ் என்று எழுதினால், அன்றைக்கே நிரப்பி விமானத் தபாலில் போடுவேன். முணுமுணுக்க மாட்டேன்.

3. மலாக்கா என்று எழுதினால், உங்கள் வீட்டுப் பின்னறைக்குத் தண்ணீர்க் குழாய் இழுப்பேன். நீ கேட்காமலே அளவெடுத்தாகிவிட்டது.

4. இரண்டும் இல்லாமல் மழுப்பினால், பீனோவின் அப்பாவுக்கு நானே எழுதுவேன். என் ஸ்பானிஷில், எல்லாப் பிழைகளோடும்.

5. முடிவு எதுவானாலும் உன் அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன். உன் கையால் நீ எழுது, சீக்கிரம் எழுது. அவர் அதைப் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

கருணாகரன்